மோப்பம் சரி, கணக்கு எங்கே?

"நாய் மோந்து பார்த்தே கேன்சரைக் கண்டுபிடிச்சிடுமாம் சார். 97 பர்சன்ட் துல்லியமாம். ஸ்கேன் வேண்டாம், பயாப்சி வேண்டாம்!" மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தச் செய்தி ஏதாவது ஒரு ரூபத்தில் என் போனுக்கு வந்துவிடுகிறது. கூடவே நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரிக்கும் ஒரு நாய்ப் படம், கீழே நாலைந்து கைகூப்பிகள். அனுப்புகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. என்னோடு வேலை பார்க்கிற ஆபீசர்கள், ரிட்டையர் ஆன மேனேஜர்கள். நாள் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் உதைத்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிற ஆட்கள். அவர்களே இந்த 97-ஐ மட்டும் தண்ணீர் குடிக்காமல் விழுங்கிவிடுகிறார்கள். அதுதான் என் எரிச்சல்.

நான் டாக்டர் இல்லை. வெறும் பி.காம். இருபது வருஷத்துக்கு மேல் வங்கி உத்தியோகம், இப்போது சில வருஷமாக மீரட் வாசம். நாயின் மூக்கைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் யாராவது ஒரு சதவீதத்தைக் காட்டினால் "எதில் சதவீதம்?" என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இது நாய்க்கு எதிரான பதிவு இல்லை. நாய்ப் பிரியர்கள் கல்லைக் கீழே போட்டுவிடலாம் :-)

நாயின் மூக்கு நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு லண்டன் டாக்டர்கள் ஒரு சின்னக் கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்மணியின் காலில் இருந்த மச்சத்தை அவர் வளர்த்த நாய் ஓயாமல் மோந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் கடித்தே எடுக்கப் பார்த்தது. அந்த அம்மா டாக்டரிடம் போனார். அது மெலனோமா, தோல் புற்றுநோயில் மோசமான வகை. நல்லவேளையாக ஆரம்ப நிலை. இந்தக் கதை எல்லாம் அங்கே இருந்துதான் ஆரம்பம்.

நோய் வந்த உடம்பில் ரசாயன மாற்றங்கள் நடக்கின்றன. அதில் உண்டாகும் எளிதில் ஆவியாகிற பொருள்கள் மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியே வருகின்றன. அந்த வாசனைக் கலவையை நாய் பிரித்துப் பிடிக்கிறது. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

நான் இருக்கிற ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ராணுவ நாய்களைப் பழக்கும் ரிமவுண்ட் வெட்டரினரி கோர் மையம் இங்கே மீரட் கன்டோன்மென்டில்தான் இருக்கிறது. கொரோனா காலத்தில் வியர்வையையும் சிறுநீரையும் மோந்து தொற்றைக் கண்டுபிடிக்க அங்கே நாய்களைப் பழக்கி, 2021 பிப்ரவரியில் டெல்லியில் செய்து காட்டினார்கள். காஸ்பர் என்று ஒரு காக்கர் ஸ்பேனியல். மற்ற இரண்டும் நம்ம சிப்பிப்பாறை! ஜெயா, மணி என்று பேர். முயல் விரட்டுகிற நம்ம ஊர் வேட்டை நாய் இந்த இந்தி பூமியில் ராணுவ உத்தியோகம் பார்ப்பதைப் படித்தபோது எனக்கும் புல்லரிக்கத்தான் செய்தது. இங்கே இருக்கிற சக ஊழியர்களிடம் "அது எங்க ஊர் நாய்" என்று பீற்றிக்கொண்டேன்.

ஆனால் புல்லரிப்பு வேறு, கணக்கு வேறு.

முதல் கேள்வி: பரீட்சையை யார் நடத்தினார்கள்?

மேலே சொன்ன 97 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 2019-இல் அமெரிக்காவில் நாலு பீகிள் நாய்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தையும் இல்லாதவர்களின் ரத்தத்தையும் வேறுபடுத்தப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாய்கள் நோய் மாதிரிகளில் 96.7 சதவீதத்தையும், நோயில்லா மாதிரிகளில் 97.5 சதவீதத்தையும் சரியாகச் சொல்லின. நாலாவது நாய்? அதன் பேர் ஸ்னகிள்ஸ். அதற்கு இந்த வேலையில் ஆர்வமே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நாலு கிளை உள்ள ஒரு ஏரியா மேனேஜர், வசூலே ஆகாத ஒரு கிளையை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றின் வசூல் 97 சதவீதம் என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினால் என்ன நடக்கும் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். ஆய்வு செய்தவர்கள் ஒளிக்கவில்லை, ஸ்னகிள்ஸ் கதையை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாலில் எது வேலைக்கு ஆகும் என்று தேர்ந்தெடுப்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். ஆனால் நம் கைக்கு வரும்போது ஸ்னகிள்ஸ் காணாமல் போய் 97 மட்டும் மிஞ்சுகிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு. ஆறு நாய்கள், ஏழு மாதப் பயிற்சி. ஏழு சிறுநீர் மாதிரிகளை வரிசையாக வைப்பார்கள். அதில் ஒன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளியுடையது. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலே ஏழில் ஒன்று, அதாவது 14 சதவீதம் சரியாக வரும். நாய்கள் 54 முறையில் 22 முறை சரியாகச் சொல்லின. 41 சதவீதம். குருட்டாம்போக்கு இல்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் 59 சதவீதம் தப்பு என்பதற்கும் இதே சாட்சிதான்.

அந்த ஆய்வில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. பயிற்சியின்போது, நோய் இல்லாதவர் என்று வைத்திருந்த ஒருவரின் மாதிரியை நாய்கள் திரும்பத் திரும்ப நோய் என்றே காட்டின. மறுபடி பரிசோதித்தால் அவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய்! எல்லாச் செய்தியிலும் இந்தக் கதை வரும். 41 என்ற எண் மட்டும் பெரும்பாலும் வராது.

அடுத்து 2014. புரோஸ்டேட் புற்றுநோயை மோந்து பார்க்க இங்கிலாந்தில் பத்து நாய்களைப் பழக்கினார்கள். கடைசிச் சுற்று வரை தேறியவை இரண்டு. பயிற்சியில் பிரமாதம். பிறகு நாய் இதுவரை பார்க்காத புது ஆட்களின் மாதிரிகளை வைத்து, எது நோயாளியுடையது என்று கூட இருப்பவர்களுக்கும் தெரியாமல் சோதித்தார்கள். ஒரு நாய் நோய் மாதிரிகளில் 13 சதவீதத்தைப் பிடித்தது, இன்னொன்று 25 சதவீதம். ஏன் இப்படி? நாய் நோயின் வாசனையைக் கற்கவில்லை. பயிற்சியில் திரும்பத் திரும்ப வந்த ஆட்களின் வாசனையை மனப்பாடம் செய்துவிட்டிருக்கிறது! பத்து வருஷக் கேள்வித்தாளை உருப்போட்டுவிட்டுப் போன பையன், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டதும் முழிப்பான் இல்லையா, அதே கதைதான்.

இன்னொரு ஓட்டை கயிற்றின் இந்தப் பக்கம், அதாவது மனிதர் பக்கம். 2011-இல் கலிபோர்னியாவில் போதைப்பொருள், வெடிகுண்டு தேடும் 18 நாய்களையும் அவற்றைக் கூட்டிப்போகும் ஆட்களையும் ஒரு கட்டிடத்தில் சோதித்தார்கள். அந்த இடத்தில் போதைப்பொருளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. ஆனால் சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி, "காகிதம் இருக்கிற இடத்தில் சரக்கு இருக்கிறது" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார்கள். விளைவு? இல்லாத சரக்கை நாய்கள் ஏகப்பட்ட தடவை கண்டுபிடித்தன. சிவப்புக் காகிதம் நாய்க்குத் தெரியாது, ஆளுக்குத் தெரியும். ஆள் நினைப்பதை அவரது நடையிலிருந்தும் கயிறு இறுகுவதிலிருந்தும் நாய் படித்துவிடுகிறது. அல்லது ஆளே தான் நினைத்ததை நாய் சொன்னதாக நம்பிவிடுகிறார்.

வங்கியில் மேக்கர், செக்கர் என்று ஒரு பழக்கம் உண்டு. பதிவு போட்டவரே அதைப் பாஸ் பண்ண முடியாது. என்னதான் யோக்கியர் என்றாலும் முடியாது. அவர் திருடுவார் என்று அர்த்தம் இல்லை. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்று அர்த்தம். நாய்ச் சோதனையிலும் அதே விதி வேண்டும். நாயைப் பழக்கியவரும் அதை விற்கிறவரும் தாங்களே பரீட்சை வைத்து, தாங்களே மார்க் போட்டுக்கொண்டால் அதற்குப் பேர் விளம்பரம்.

இரண்டாவது கேள்வி: எதில் சதவீதம்?

சரி, பரீட்சை நேர்மையாகவே நடந்தது, நாயும் நிஜமாகவே கெட்டி என்றே வைத்துக்கொள்வோம். 2024-இல் ஒரு இஸ்ரேல் ஆய்வு வந்தது. மூச்சுக் காற்றை மாஸ்க்கில் பிடித்து நாய்களிடம் கொடுத்து, நாயின் அசைவைக் கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி ஏற்பாடு. மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புரோஸ்டேட் என்று நாலு புற்றுநோய்கள். நோயுள்ளவர்களில் 93.9 சதவீதம் பேரையும், நோயில்லாதவர்களில் 94.3 சதவீதம் பேரையும் சரியாகச் சொன்னதாம். நல்ல ஆய்வுதான். கலந்துகொண்டவர்கள் 1,386 பேர். அதில் 338 பேருக்குப் புற்றுநோய்.

இங்கே நில்லுங்கள். 1,386-இல் 338. ஏறக்குறைய நாலில் ஒருவர். நாலு பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும் தெரு எந்த ஊரில் இருக்கிறது?

பேனாவை எடுங்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இரண்டு பக்கமும் 94 என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர், அதில் 250 பேர் நோயாளிகள். நாய் 235 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 750 பேரில் 6 சதவீதம், அதாவது 45 பேரையும் தப்பாகப் பிடிக்கும். ஆக நாய் கை காட்டிய 280 பேரில் 235 பேருக்கு நிஜமாகவே நோய். ஆறில் ஐந்து பேர். சபாஷ்.

இப்போது அதே நாயை, அதே மூக்கை ஒரு சாதாரண ஊருக்குக் கூட்டி வாருங்கள். ஒரு லட்சம் பேர். யாருக்கும் தெரியாமல் நோய் ஒளிந்திருப்பவர்கள் 300 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாய் 282 பேரைப் பிடிக்கும், 18 பேரை விடும். மீதி 99,700 பேருக்கு நோய் இல்லை. அதில் 6 சதவீதம்? 5,982 பேர்! மொத்தம் 6,264 பேரை நாய் கை காட்டும். அதில் நிஜம் 282. இருபத்திரண்டு பேரில் ஒருவர்.

மூக்கு மாறவில்லை, பயிற்சி மாறவில்லை, 94-உம் மாறவில்லை. வகுக்கிற எண்தான் மாறியது. ஆறில் ஐந்து, இருபத்திரண்டில் ஒன்றாகிவிட்டது. எந்தச் செய்தியிலாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இது நாயின் குற்றம் இல்லை. எந்திரமோ ரத்தப் பரிசோதனையோ எதுவானாலும், அபூர்வமான ஒன்றைக் கூட்டத்தில் தேடினால் கணக்கு இப்படித்தான் வரும். ஆனால் எந்திரத்தைப் பற்றி எழுதும்போது யாராவது ஒரு டாக்டரிடம் கருத்துக் கேட்கிறார்கள். நாய் என்றதும் அதுகூட இல்லை. நாய் நல்லது, நாய் பொய் சொல்லாது, முடிந்தது கதை.

2025-இல் பார்க்கின்சன் நோய் பற்றி ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வந்தது. மருந்து ஆரம்பிக்காத நோயாளிகளின் தோலைப் பஞ்சால் துடைத்து எடுத்த மாதிரிகள், இரண்டு நாய்கள், ஒழுங்கான சோதனை. நோயுள்ளவர்களைப் பிடித்ததில் ஒரு நாய் 70, இன்னொன்று 80 சதவீதம். இல்லாதவர்களை இல்லை என்று சொன்னதில் 90, 98. நாணயமான எண்கள். ஆனால் எத்தனையோ செய்திகளில் தலைப்பாகப் போனது அந்த 98 ஒன்றுதான். பத்து நோயாளிகளில் இரண்டு மூன்று பேரைத் தவறவிட்டது தலைப்பில் ஏறவில்லை.

மூன்றாவது கேள்வி: அப்புறம்?

இதுதான் எனக்கு முக்கியம்.

"தப்பாக் கை காட்டினா என்ன சார், இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாமே" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த "பாத்துக்கலாமே"வின் விலை என்ன என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கிளையில் ஒரு தனியார் லேப் முகாம் போட்டார்கள். நாய் இல்லை, ரத்தப் பரிசோதனைதான். சலுகை விலையில் நாற்பதோ என்னமோ டெஸ்ட்டுகள். அதில் கேன்சர் மார்க்கரும் உண்டு என்று பெருமையாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கவுன்ட்டரில் உட்காரும் ஒரு பெண்ணுக்கு சிஏ-125 என்ற அளவு கொஞ்சம் கூட இருந்தது. தடித்த எழுத்தில் அடித்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த அளவு கர்ப்பப்பைக் கட்டியிலும் ஏறும், மாதவிலக்கு நாளிலும் ஏறும். இதைச் சொல்ல அந்த முகாமில் ஒரு டாக்டர் இல்லை. காகிதத்தைக் கொடுத்தவருக்கு அதோடு வேலை முடிந்தது.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. இங்கே ஒரு ஸ்கேன், டெல்லியில் ஒரு எம்ஆர்ஐ, மறுபடி ரத்தம். சம்பளமில்லா லீவு. பிஎஃப்பில் கடன். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து ஒரு ஃபாரத்தை நீட்டினார். தன் டெபாசிட்டுக்கெல்லாம் நாமினியை மாற்ற வேண்டுமாம், பள்ளிக்கூடம் போகிற மகள் பேருக்கு. "ஒருவேளைக்குத்தான் சார்" என்றார். அந்தக் கையெழுத்தை நான்தான் சரிபார்த்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நல்ல டாக்டரம்மா, இது சாதாரண ஃபைப்ராய்டு கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னார். நல்ல செய்திதான். ஆனால் அந்த மூன்று மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அவர் சம்பளம் வாங்குகிறவர், இன்ஷூரன்ஸ் உண்டு, டெல்லி பக்கம். அதெல்லாம் இல்லாதவர்களுக்கு?

என் கணக்கில் வந்த 5,982 பேரும் இப்படி ஒரு ஃபாரத்தோடு யாரோ ஒருவர் மேஜை முன்னால் நிற்கப் போகிறவர்கள். அவர்களை வெறும் ஆறு சதவீதம் என்று தள்ளிவிட என்னால் முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. நாய் விட்டுவிட்ட அந்த 18 பேர். "நாயே மோந்து பார்த்து ஒண்ணுமில்லைன்னுடுச்சு" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். கட்டி கைக்குத் தட்டுப்படும்போதும் அந்த நிம்மதி மிச்சம் இருக்கும்.

"ஒன்றுமே இல்லாத ஊருக்கு நாயாவது போகட்டுமே"

இந்த வாதம் வரும் என்று தெரியும். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆஸ்பத்திரி இல்லை, எந்திரம் இல்லை, நாய் மலிவு, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகலாம் என்பார்கள்.

முதலில், நாய் மலிவு இல்லை. மாதக்கணக்கில் பயிற்சி, பழக்குகிற ஆளுக்குச் சம்பளம், தீனி, வைத்தியம். தேறாத ஸ்னகிள்ஸ்களின் செலவும் இந்தக் கணக்கில்தான் ஏறும். ஒரு நாய் ஒரு நாளில் இத்தனை மாதிரிதான் பார்க்கும், அப்புறம் அலுத்துவிடும். ஒரு நாய்க்கு இருக்கிற திறமை அடுத்த நாய்க்கு இருக்காது. தேய்மானக் கணக்குப் போட்டால் சில வருஷத்தில் ரிட்டையர்மென்ட் வேறு.

இரண்டாவது, ஒன்றுமே இல்லை என்பதே பொய். எளிமையான, மலிவான, நிரூபித்த வழிகள் நம்மிடமே இருக்கின்றன. செய்துகாட்டியதும் இந்த நாட்டில்தான்.

நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இலிருந்து சில வருஷம், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸம்மாக்கள், வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம், ஒரு விளக்கு. சந்தேகமான இடம் வெளுத்துக் காட்டும். தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் அங்கேயே. 2007-இல் லான்செட்டில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. மும்பையில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்காரர்கள் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இதே முறையைச் சோதித்தார்கள். பரிசோதித்தவர்கள் பத்தாம் வகுப்பு படித்த பெண்கள், நாலு வாரப் பயிற்சி. சாவு 31 சதவீதம் குறைந்தது. 2014-இல் வெளியானது.

கவனியுங்கள், இங்கே அவர்கள் சொல்வது துல்லியம் இத்தனை என்று இல்லை. சாவு இத்தனை குறைந்தது என்று. வங்கிப் பாஷையில் சொன்னால், எத்தனை நோட்டீஸ் அனுப்பினோம் என்பது இல்லை, எத்தனை ரூபாய் வசூல் ஆனது என்பது. நாய் ஆய்வு எதிலும் அந்தக் கடைசி வரியை நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட வழி கையில் இருந்தும் என்ன செய்தோம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: 30 முதல் 49 வயதுப் பெண்களில், வாழ்நாளில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். மார்பகப் பரிசோதனை 0.9 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லை அய்யா!

வினிகரும் விளக்கும் போக முடியாத ஊருக்கு நாய் எப்படிப் போகும்? போனாலும், நாய் கை காட்டிய பெண்ணை அடுத்து எங்கே அனுப்புவீர்கள்? ஸ்கேன் வேண்டாம், பயாப்சி வேண்டாம் என்பது பச்சை ஜல்லி. நாய் சொன்னதை வைத்து எந்த டாக்டரும் கத்தியை எடுக்கமாட்டார். ஸ்கேனும் வேண்டும், பயாப்சியும் வேண்டும், கூடுதலாக இருபத்தோரு பேருக்கு வேண்டும். எந்திரம் இல்லாத ஊருக்குத்தான் நாய் என்று ஆரம்பித்தால், எந்திரம் இருக்கிற ஊரில்தான் நாய் பிழைக்கும் என்று முடிகிறது.

அப்படியானால் நாய் வேண்டாமா?

வேண்டும். சரியான நாற்காலியில் உட்கார வைத்தால் வேண்டும்.

தான்சானியாவைப் பாருங்கள். அங்கே அபோபோ என்ற அமைப்பு நாய்க்குப் பதில் பெரிய ஆப்பிரிக்க எலிகளைக் காசநோய்க்குப் பழக்கியிருக்கிறது. 2007-இலிருந்து நடக்கிறது. நூறு சளி மாதிரிகளை ஒரு எலி இருபது நிமிஷத்தில் மோந்து முடித்துவிடும். ஆனால் எலி யாருக்கும் நோய் என்று சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிகள் ஏற்கெனவே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் இல்லை என்று தள்ளிய மாதிரிகளையும் எலி மறுபடி பார்க்கிறது. எலி சந்தேகப்பட்டதை லேபில் மீண்டும் சோதிக்கிறார்கள். உறுதியானால்தான் நோயாளிக்குத் தகவல் போகும். இப்படி ஆஸ்பத்திரிகள் தவறவிட்ட நோயாளிகளைப் பிடித்து, மொத்த எண்ணிக்கையை நாற்பது சதவீதம் அளவுக்குக் கூட்டியிருக்கிறார்கள்.

இதில் என்ன அழகு தெரிகிறதா? வரும் மாதிரிகள் எல்லாம் சந்தேகத்தின் பேரில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுடையவை, தெருவில் போகிறவர்களுடையவை இல்லை. அதனால் வகுக்கிற எண் சரியாக இருக்கிறது. பின்னால் லேப் இருக்கிறது. அதற்கும் பின்னால் மருந்து இருக்கிறது. தப்பான சந்தேகம் லேபோடு நின்றுவிடும், யாரும் நாமினி ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

நகைக்கடன் பிரிவில் இருந்தவர்களுக்கு இது புரியும். அப்ரைசர் நகையை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் தனியே எடுத்து வைப்பார். உரைகல்லுக்கு மரியாதை உண்டு, அது இல்லாமல் கடை நடக்காது. அதற்காகக் கல்லில் தேய்த்த கோட்டைப் பார்த்துவிட்டு ஊர் முன்னால் "உன் நகை போலி" என்று யாரும் கத்துவதில்லை. நாய் அந்த உரைகல். உலகத்தில் கிடைக்கிற மிக அருமையான உரைகல்லில் ஒன்று. அதை நீதிபதி ஆக்காதீர்கள்.

இந்தியாவுக்கு இந்த மாதிரி உரைகல் தேவையே. உலகத்தில் வருஷம்தோறும் புதிதாக வரும் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். பெங்களூருவிலும் மூச்சுக் காற்றை நாய்களிடம் கொடுத்துப் புற்றுநோய் தேடும் முயற்சி நடக்கிறது. நடக்கட்டும். எந்த வாசனை என்று நாய் கற்றுக்கொடுத்தால், நாளைக்கு அதையே பிடிக்கிற கருவி வரலாம். அந்த ஆராய்ச்சிக்கு வரிப்பணம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆராய்ச்சி முடிவதற்குள் கடை திறப்பதுதான் ஆட்சேபம்.

கடை திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரை அளவு இறங்கினால் எச்சரிக்கும் நாய்கள் என்று ஒரு வியாபாரம் உண்டு. 2018-இல் வர்ஜீனியா மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். பயிற்சி பெற்ற நாய் என்று சொல்லி, சரியாகப் பழக்காத குட்டிகளை 18,000 முதல் 27,000 டாலர் வரைக்கும் விற்றார்கள் என்பது புகார். வாங்கியவர்கள் யார்? ராத்திரித் தூக்கத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று பயந்துகிடந்த பெற்றோர்களும் அதில் உண்டு. பயந்தவன் பேரம் பேசமாட்டான். நாய்க்குட்டியின் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படவும் யாருக்கும் மனசு வராது. பயம், பாசம் இரண்டும் சேர்ந்த சந்தை இது. அதனால்தான் இங்கே வருவதற்கு முன்பே கத்துகிறேன்.

அடுத்த தடவை இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், கைகூப்பி போடுவதற்கு முன் நாலே நாலு கேள்வி கேளுங்கள். நாய் இதுவரை மோக்காத புது ஆட்களை வைத்துச் சோதித்தார்களா? எது நோயாளியுடையது என்று நாயோடு இருந்தவருக்குத் தெரியுமா, தெரியாதா? சோதனையில் எத்தனை பேருக்கு ஒருவர் நோயாளி, நம்ம ஊரில் எத்தனை பேருக்கு ஒருவர்? நாய் கை காட்டியவருக்கு மறுநாள் காலையில் எந்த ஆஸ்பத்திரிக் கதவு திறந்திருக்கும், அந்தச் செலவு யாருடையது?

இந்த நாலுக்கும் பதில் வைத்திருக்கிறவர்கள் வரட்டும், நானே எழுந்து நின்று கை தட்டுகிறேன். பதில் இல்லாதவர்கள் நாயின் மூக்கைக் காட்டி நம் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

பி.கு: உடம்பில் புதிதாகக் கட்டியோ ஆறாத புண்ணோ காரணமில்லாத ரத்தப்போக்கோ இருந்தால் நாய்க்கும் காத்திருக்க வேண்டாம், இந்தப் பதிவுக்குப் பின்னூட்டம் போட்டு என்னிடமும் கேட்க வேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள்.